வால்வு வாசலில் கிடந்த செருப்புகள்

நெஞ்சுவலி என்று வருகிறவர்களின் இதய வால்வை, அது மூடியிருக்கும்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் அளப்பார்கள். சரியாக மூடாத வால்வைக் கழற்றிவிட்டுச் சாயங்காலத்துக்குள் எஃகுக் கதவு மாட்டிவிடுவார்கள். அதன் பிறகு வலி இருக்காது. அந்த நெஞ்சுக்குள் யாரும் வரவும் முடியாது.

நெஞ்சுவலியோடு வந்திருந்த பிலோமினா டீச்சருக்கு இது தெரியும். ஊருக்கே தெரியும். ஜெபமாலையைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, சி.டி. ஸ்கேன் வளையத்துக்குள் படுத்துக்கொண்டார்.

"மூச்ச இழுங்க. புடிச்சுக்கோங்க," என்றார் டெக்னீஷியன் இசக்கிமுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

டீச்சர் மனசுக்குள் ஜெபமாலையில் பாதியைச் சொல்லி முடித்தார்.

"டீச்சர், வால்வு மூட மாட்டேங்கு. வாசல்ல வெள்ளையா என்னமோ குமிஞ்சு கெடக்கு."

டாக்டர் நல்லபெருமாள் அளவுகோலோடு வந்து திரையைப் பார்த்தார்.

"கால்சியம்."

"செருப்பு," என்றார் டீச்சர்.

"என்னது?"

"உள்ள வந்தவங்க கழத்திப் போட்டது. வாருல இருக்க பக்கிள்தான் வெள்ளையாத் தெரியுது. எங்க வீட்டுக்குள்ள யாரும் செருப்போட வர மாட்டாங்க, டாக்டர்."

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். வால்வுக்கு உள்ளே, குல்லா போட்ட பெரியவர் ஒருவர் சம்மணம் கொட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். காலையில் வராந்தாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர். டீச்சர்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் தெரிந்தார்கள்.

"எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க. அளந்துட்டு விடுறேன்."

"குடிச்சிட்டு இருக்கவர எந்திரிக்கச் சொல்லுதீங்களா?"

"அப்ப எஃகுக் கதவுதான். வலியாவது போகும்லா?"

"வலி இருந்துட்டுப் போகட்டும். ஆண்டவர் தெறந்து வச்சத நான் மூட மாட்டேன்."

எஃகுக் கதவு ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தது. அதன்மேல் வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது.

டாக்டர் மறுபடியும் மூச்சைப் பிடிக்கச் சொன்னார். அளந்து முடிக்கும்வரை அதை விட அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. டீச்சர் விட்டார்.

நீளமான மூச்சு. அது வராந்தாவரை போனது. அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள், யாரோ கூப்பிட்டதுபோல ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெஞ்சுகள் காலியாயின. திரையில் செருப்புக் குவியல் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கிமுத்துவைக் காணவில்லை. அவர் திரைக்குள் குனிந்து, செருப்புகளை ஜோடி ஜோடியாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு வலி கூடியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் மட்டும் நின்றார். அளவுகோலைத் திரையில் வைத்துப் பார்த்தார். வாசல் அளவுகோலைவிட அகலமாக இருந்தது. திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு அளவுகோலை ஸ்ட்ரெச்சரில், கதவின்மேல் வைத்துவிட்டு, தம் நெஞ்சை மெல்லத் தடவினார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா?"

டீச்சர் வளையத்துக்குள்ளேயே கொஞ்சம் நகர்ந்து படுத்தார்.

"ஷூவ வாசல்ல விட்டுட்டு வாங்க," என்றார்.