ஓநாயின் பெயர்

எங்கள் செர்பிய மொழியில் ஓநாய்க்கு வூக் என்று பெயர். ஆண்பிள்ளைக்கு அதை யாரும் அழகுக்காக வைப்பதில்லை. பச்சைக்குழந்தையின் நெஞ்சைத் தின்ன வரும் சூனியக்காரிகள் ஓநாய் என்றால் கிட்ட வரமாட்டார்கள். அதனால் பிள்ளை தங்காத வீட்டில்தான் வூக் என்று வைப்பார்கள். என் வீட்டில் இரண்டு தங்கவில்லை.

மூன்றாவது பிறந்ததும் என் கணவர் ஒப்ராதிடம் சொன்னேன்: "வூக்னு வைக்கச் சொல்லுங்க. வேற எதுவும் நான் கேக்கல."

பெயர் வைப்பது எங்களில் பெற்றவர்கள் கையில் இல்லை. ஞானத்தகப்பன் கோயிலில் சொல்வதுதான் பெயர். மறுத்துப் பேசினால் குடும்பத்துக்கே ஆகாது. ஞானத்தகப்பனாக நின்ற மிலூன், ஒப்ராதின் கூட்டாளி. ரொட்டியைத் தொட்டு எனக்குச் சத்தியம் செய்தான்: "வூக்தான் தங்கச்சி. கவலைய விடு."

ஞானஸ்நானத்துக்குப் பெற்றவள் போகக்கூடாது. ஆட்டுக்கறியைக் கிண்டியபடி வாசலையே பார்த்திருந்தேன். மிலூன் படலைத் திறக்கும்போதே கத்தினான்: "திஹோமிர் வந்துட்டான்! வழி விடுங்க!"

கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். திஹோமிர், ஒப்ராத் கூலிக்குப் போகும் மரம் அறுக்கும் ஆலை முதலாளியின் பெயர். சத்தமில்லாத அமைதி என்று பொருள். சத்தமில்லாமல் போன தொட்டிலை நான் இரண்டு முறை பார்த்தவள். என் பிள்ளைக்கா அந்தப் பெயர்?

"ரொட்டி மேல கை வெச்சீங்களே அண்ணா!"

மிலூன் தரையைப் பார்த்தான். ஒப்ராத் கையை விரித்தார். "நான் என்னடி செய்ய? ஞானத்தகப்பன் வாக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

நம்பினேன். பந்தியில் மிலூனுக்கு மட்டும் எலும்பாகப் பார்த்துப் போட்டேன்.

விருந்துக்கு வந்திருந்த ஆலை முதலாளி பிளம் சாராயக் கோப்பையோடு எழுந்தார். "ஒப்ராத், பேசின மாதிரியே எம்பேர வெச்சுட்ட. நானும் சொல் மாறமாட்டேன். திங்கக்கிழமைலேருந்து ஆலைக்கு மேஸ்திரி நீதான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஒப்ராத் என்னைத் தவிர எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். மிலூன் வெறும் வாய்தான், பேச்சு என் புருஷனுடையது. சூனியக்காரி வெளியிலிருந்து வருவாள் என்று இத்தனை நாள் நான் வாசலைக் காத்திருக்கிறேன், பைத்தியக்காரி!

உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்து அவன் காதில் "வூக்" என்றேன். அன்றிலிருந்து வேறு பெயர் என் வாயில் வந்ததில்லை.

பிள்ளை தங்கிவிட்டான், இப்போது ஓடுகிறான். சாயங்காலம் மேஸ்திரி வேலை முடிந்து வந்து, "திஹோமிர், அப்பாகிட்ட வாடா" என்று கையை நீட்டுவார். பிள்ளை, யாரைக் கூப்பிடுகிறார் என்று தனக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பான்.