ஐஸ் பெட்டி இருந்த இடம்

காலை ஏழு மணிக்கே திண்டுக்கல் வெயில் தகரக் கூரையைச் சுட ஆரம்பித்திருந்தது. கூரைக்குக் கீழே பாண்டிச்செல்வி கெட்டியான ஆட்டுக்கறிக் குழம்பைப் பிளாஸ்டிக் பைகளில் அள்ளிப் போட்டு, ஒவ்வொன்றாக மெஷினுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் உறுமும், பைக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சும், பையின் வாயைச் சூட்டில் ஒட்டிவிடும். வெளியே எடுத்தால் பை கறியோடு இறுகிப்போய்ச் செங்கல் மாதிரி இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அது 2007ஆம் வருஷத்து மே மாதம். கல்யாண வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த செல்வியை டூர் வேனுக்குச் சமையல்காரியாகக் கூட்டி வந்தவர் வேன் முதலாளி ஸ்டான்லி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு வருஷத்தில் பாதி நாள் நிச்சயமான வேலை. அந்த நன்றி அவளுக்கு உண்டு. நன்றியைவிடப் பயம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ஸ்டான்லி கெட்டவர் இல்லை. வேனில் ஏறுகிறவர்களிடம் தேன் ஒழுகப் பேசுவார். "வீட்டுச் சாப்பாட்டோடு கோவா, ஐந்தே நாளில்" என்று நோட்டீஸ் அடித்தவர், அதற்காகத்தான் இந்த மெஷினைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தார். மெஷின் வந்த மறுநாளே வேனிலிருந்த ஐஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சீட்டுப் போட்டார். மனுஷனுக்கு மூளை எங்கே வேலை செய்யும் என்பதற்கு ஒரு கணக்கே கிடையாது.

"அண்ணே, மெஷின் வித்தவரு காத்தை எடுத்தாலும் ஐஸ்ல வைக்கணும்னுதான சொன்னாரு?" என்று செல்வி கேட்டாள்.

"அவன் ஐஸ் பெட்டியும் சேத்து விக்கப் பாத்தான். காத்தே இல்லாத எடத்துல என்ன கெடப்போகுது? உங்க வீட்டு உப்புக்கண்டம் ஆறு மாசம் கெடாமக் கெடக்குல்ல? அது எந்த ஐஸ்ல இருந்துச்சு?"

உப்புக்கண்டத்துக்குக் கறியில் உப்பைத் தடவி, சொட்டு ஈரம் இல்லாமல் வெயிலில் காயவைத்துத்தான் எடுத்து வைப்பார்கள். இதுவோ குழம்பு. இது செல்விக்குத் தெரியும். உப்புக்கண்டம் போட்டே வளர்ந்த கை அது. ஆனாலும் "சரிண்ணே" என்று அடுத்த பையை எடுத்தாள்.

வேனில் பதினெட்டுப் பேர். முன் சீட்டில் தையற்கடை இருதயநாதனும் அவர் மகள் ஜெஸ்ஸியும். தாயில்லாத பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. கல்யாணப் பத்திரிகையைக் கோவாவில் புனித சவேரியார் கோயிலில் அவர் பாதத்தில் வைத்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம். ஜெஸ்ஸி திரும்பி வரும்வரை கறி சாப்பிடுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருந்தாள். அவள் பங்குக்கும் சேர்த்து இருதயநாதன் சாப்பிட்டார்.

"தங்கச்சி, ஒன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும். கல்யாணத்துக்கும் நீதான் வந்து நிக்கணும், சொல்லிப்புட்டேன்" என்று முதல் நாளே அவளுக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில், கர்நாடகத்தில் ஒரு லாட்ஜில், கறிப் பைகள் இருந்த அட்டைப் பெட்டியைச் செல்வி திறந்தாள். இறுகிக் கிடந்த பைகளில் ஏழெட்டு, பூரி மாதிரி உப்பியிருந்தன. ஓடிப்போய் ஸ்டான்லியைக் கூட்டி வந்தாள்.

ஸ்டான்லி ஒரு பையை அமுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "வாடையே இல்லையே. வெயிலுக்கு உப்பியிருக்கும். ஊசியால ஒரு குத்துக் குத்திக் காத்தை வெளியேத்து. மெஷினும் வேன்லதான இருக்கு, இந்த ரூம்ல பிளக் இருக்கு, புதுப் பையில போட்டுத் திரும்ப ஒட்டு."

"கொட்டிருவோம்ணே. மத்தியானத்துக்குத் தக்காளிச் சோறு கிண்டிப் போடுறேன்."

"கறிச்சோறுன்னு நோட்டீஸ் அடிச்சுட்டுத் தக்காளிச் சோறா? கேக்குறவங்களுக்கு நீ பதில் சொல்றியா? வெந்நீர்ல முக்கிச் சூடு பண்ணுனா எல்லாம் சரியாயிரும். ஆகவேண்டியதப் பாரு செல்வி."

ஆகவேண்டியதைப் பார்த்தாள். குத்தினாள், மாற்றினாள், ஒட்டினாள். பைகள் மறுபடியும் செங்கலாகிவிட்டன.

மத்தியானம் சாலையோரப் புளியமரத்தடியில் பந்தி. இருதயநாதன் இரண்டாவது தடவையும் கறி கேட்டு வாங்கினார். செல்வியின் தட்டில் மோர்ச்சோறும் ஊறுகாயும்தான் இருந்தன. ஸ்டான்லியின் தட்டிலும் அதே மோர்ச்சோறு. இரண்டு பேரும் ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

"என்ன தங்கச்சி, ஆக்குனவ திங்கலையா?"

"வயிறு செத்தச் சரியில்லண்ணே."

வயிறு நன்றாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் "நீங்களும் திங்காதீங்க" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதாதா? போதும். அவள் சொல்லவில்லை. அவர் விரலை நக்கிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கோவாவில், கோயில் வாசலில் இருதயநாதன் தடுமாறினார். ரோடு ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்றார். இமைகள் பாதி மூடிக் கிடந்தன. நாக்குக் குழறியது.

வேனே சிரித்தது. "கோவாவுக்கு வந்துட்டு மாமா சும்மா இருப்பாரா? ராத்திரியே ஊத்தியிருக்காரு" என்றார் ஒருத்தர். ஜெஸ்ஸிக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் பத்திரிகையோடு நின்றுகொண்டு, "கோயிலுக்கு வந்த எடத்துலயாப்பா குடிப்பீங்க? அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம்ப்பா" என்று அழுதாள். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். சொல்ல வாய் வரவில்லை.

அவர் குடிக்கவில்லை என்பது செல்விக்குத் தெரியும். என்னவென்றுதான் தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவளும் சும்மா இருந்தாள். தூங்கினால் தெளியும் என்று அவரைப் பின் சீட்டில் படுக்கப் போட்டார்கள். அரை நாள் அப்படியே போனது. சாயங்காலம் ஊற்றிய தண்ணீர் தொண்டையில் இறங்காமல் கடைவாயில் வழிந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

சின்ன ஆஸ்பத்திரி. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த மலையாள நர்ஸ் கேட்டாள்: "ரெண்டு நாளா என்ன சாப்பிட்டாரு? டின்ல அடைச்சது, பாக்கெட்ல ஒட்டினது ஏதாவது?"

"எல்லாம் ஓட்டல்ல சூடாச் சாப்பிட்டதுதான்" என்றார் ஸ்டான்லி, கண் இமைக்காமல்.

ஜெஸ்ஸி திரும்பினாள். "அக்கா, நீங்கதான சமைச்சீங்க. நீங்க சொல்லுங்கக்கா."

ஸ்டான்லி செல்வியை முறைத்தார். செல்வி அவரைப் பார்க்காமல் வேனுக்கு ஓடினாள். குப்பைப் பைக்குள் கையை விட்டு, ஊசி குத்திய பழைய பையைத் தேடி எடுத்துவந்து நர்ஸ் மேஜையில் வைத்தாள். "உப்பியிருந்துச்சும்மா. குத்திக் காத்தை எடுத்துட்டு நான்தான் திரும்ப ஒட்டுனேன். ஐஸ்ல வைக்கல."

நர்ஸ் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது. காற்றில்லாத இடத்திலும் வளர்கிற கிருமி உண்டு, அதன் விஷத்துக்கு வாடை இருக்க வேண்டியதில்லை, நரம்பை முடக்கிவிடும் என்று நர்ஸ் திருப்பிச் சொன்னாள். "மருந்து இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். காலையிலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

ஆம்புலன்ஸில் ஜெஸ்ஸியோடு செல்வியும் ஏறிக்கொண்டாள். அந்தக் கறியைக் கொஞ்சமாகச் சாப்பிட்டிருந்த மற்றவர்களைச் சோதித்து ஒன்றுமில்லை என்று விட்ட பிறகு, வேன் அவர்களோடு திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டது.

மருந்து போட்டார்கள். விஷம் அதற்கு மேல் பரவவில்லை. ஆனால் முடங்கிய நரம்பு எப்போது எழும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள். இருதயநாதன் மூச்சு விடுவதுகூட ஒரு மெஷினால்தான். அது காற்றை ஊதி ஊதி அவர் நெஞ்சைத் தூக்கிக்கொண்டிருந்தது. பையிலிருந்து காற்றை உறிஞ்சிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, செல்வி நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கல்யாணம் குறித்த நாளும் வந்தது. அன்றைக்கு ஜெஸ்ஸி பழைய சுடிதாரில் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இருந்தாள். நடுப்பகலில் அவளுடைய செல்போன் அடித்தது. ஸ்டான்லி. செல்வியிடம் கொடுக்கச் சொன்னார்.

"என்ன செல்வி, இன்னும் அங்கனயே கெடக்க? நீ போயி ஒக்காந்தா அவரு எந்திரிச்சிருவாரா? அடுத்த வாரம் மூணாறு டூர் இருக்கு. வேற ஆளு கெடைக்கல, மெஷின் சும்மா கெடக்கு. வந்து சேரு."

"ஐஸ் பெட்டிய மாட்டிட்டீகளாண்ணே?"

"ரெண்டு சீட்டும் புக் ஆயிருச்சு. இந்தத் தடவ ரெண்டே நாள்தான. ஒண்ணும் ஆகாது."

செல்வி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பாதி மூடிய கண்களால் அவர் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலண்ணே. அன்னைக்கி நீங்களும் அந்தக் கறியத் திங்கல, நானும் திங்கல. நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தான் திங்கப் பயப்படுற சோத்த அடுத்தவங்க தட்டுல வைக்கக் கூடாது. வைக்கச் சொல்றது மொதலாளியா இருந்தாலும், வேலையே போனாலும், அப்பவே வாயத் தொறந்து சொல்லிரணும். நான் சொல்லல. அதான் இந்தப் பிள்ளை இன்னைக்கி இங்க ஒக்காந்திருக்கு."

போனை ஜெஸ்ஸியிடம் கொடுத்தாள். ஜெஸ்ஸி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் "பரவாயில்லக்கா" என்று சொல்லவில்லை. செல்வியும் அதை எதிர்பார்க்கவில்லை.