மீசை வைத்த மீன்

பெர்ச் ஃபால்ஸ் ஊரில் ஏப்ரல் மாதம் ஆண்கள் யாரும் சவரம் செய்துகொள்வதில்லை. ஸ்டர்ஜன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்த அன்றே கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். அணி கோப்பையைத் தூக்கும் வரை, அல்லது தோற்று வெளியேறும் வரை, முளைப்பது முளைத்தபடியே கிடக்கும். மற்ற ஊர் ரசிகர்களும் இப்படித் தாடி வளர்ப்பதுண்டுதான். ஆனாலும் பெர்ச் ஃபால்ஸ்காரர்களுக்கு இதில் தங்களுக்குத்தான் கூடுதல் உரிமை என்று நினைப்பு. அணியின் சின்னமே அவர்கள் ஆற்றில் கிடக்கும் ஸ்டர்ஜன் மீன். அந்த மீனுக்கு வாயோரம் நான்கு மீசை உண்டு.

கோப்பையைத் தூக்குவதெல்லாம் சும்மா பேச்சுக்கு. அணி பிறந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

இந்த வழக்கத்துக்குக் காவல் தெய்வம் லெம்பி கோர்ஹோனன். ஐஸ் அரங்கத்தின் படிக்கட்டுக்கு அடியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். பிளே-ஆஃப் தொடங்கும் அன்று சவரக் கத்திகளை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவாள். மேயர் வந்து கெஞ்சினாலும் திறக்க மாட்டாள். ஒரு முறை மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த ஒருவனைத் தாடியோடேயே தேவாலயத்துக்கு அனுப்பி வைத்தாள். அணி தோற்ற மறுநாள் காலையில்தான் டிராயர் திறக்கும். அன்று வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் இலவச சவரம், முதல் ஆள் அணியின் கேப்டன்.

அவள் கணவன் ஆர்வோவுக்குத் தாடி என்றாலே அரிப்பு. காகித ஆலையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கை தட்டில், ஒரு கை தாடையில் இருக்கும். உன் டீமா எனக்கு வந்து சொறிஞ்சு விடப்போகுது என்று தினமும் ஒரு பாட்டம் புலம்புவான். ஆனால் முப்பது வருடக் குடித்தனத்தில் ஒரு ஏப்ரலில்கூட அவன் மழித்ததில்லை.

இந்த வருடம் வழக்கமான வருடம் இல்லை. அணியின் முதலாளி பிரென்ட் ஹாலிஸ்டர் அணியை அப்படியே பெயர்த்துத் தெற்கே கொண்டுபோகப் போவதாக அறிவித்துவிட்டார். வருடம் முழுக்க வெயில் காயும் ஊர். அங்கே ஐஸ் என்றால் குளிர்பானக் கோப்பைக்குள் மிதக்கிற சமாச்சாரம். பிளே-ஆஃபில் கடைசியாக எந்த ஆட்டம் ஆடுகிறார்களோ அதுதான் ஸ்டர்ஜன்ஸ் என்ற பெயரில் ஆடும் கடைசி ஆட்டம். இதைக் கேட்ட நாளிலிருந்து லெம்பிக்குக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். டிராயர் பூட்டியிருக்கும் வரை அணி உயிரோடு இருக்கிறது.

முதல் சுற்றைத் தட்டுத்தடுமாறித் தாண்டினார்கள். இரண்டாவது சுற்றில் மாட்டிக்கொண்டார்கள். யார் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்கள் மேலே போவார்கள். எதிரணி மூன்றை ஜெயித்து முடித்திருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ரப்பர் வட்டு கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்து போக, அவன் அதைத் தன் பின்னால் தேடிக்கொண்டு நின்றான்.

நான்காவது ஆட்டத்தன்று காலையில் ஹாலிஸ்டர் ஒரு போட்டோக்காரரோடும் ஓர் அட்டைப்பெட்டியோடும் கடைக்குள் வந்தார். பின்னாலேயே ஆட்டக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஹாலிஸ்டருக்கும் தாடி இருந்தது, டிவிக்காக வளர்த்த தாடி. ஓரமெல்லாம் நகரத்து அழகு நிலையத்தில் சீவி வாரியது. பெட்டியைத் திறந்து புதுச் சட்டையை எடுத்துக் காட்டினார். ஆரஞ்சு நிறம். மீனை இறக்கிவிட்டு மார்பில் ஒரு பல்லியை ஏற்றியிருந்தார்கள்.

"பசங்க எல்லாருக்கும் மழமழன்னு ஷேவ் பண்ணி விடுங்க லெம்பி. புது ஊர் பேப்பருக்கு போட்டோ எடுக்கணும்" என்றார்.

"இன்னும் தோக்கலையே, மிஸ்டர் ஹாலிஸ்டர்."

"மூணு போயாச்சு. இன்னிக்கு மிச்சமும் போயிரும். இதுல பார்க்க என்ன இருக்கு?"

"போனா நாளைக்குக் காலையில வாங்க. எல்லாருக்கும் ஓசியிலேயே பண்ணி விடுறேன்."

ஹாலிஸ்டர் சிரித்தார். அது ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் லெம்பிக்குச் சுருக்கென்று ஏறியது. அதற்குள் கேப்டன் ரெமி கடியூ நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு முழங்கால் போய், பாதிப் பற்கள் போய், பதினோரு வருடமாக இந்த ஊருக்காகவே அடி வாங்கியவன்.

"பண்ணிடுங்க லெம்பி" என்றான் மெல்ல. "சின்னப் பசங்களோட அடுத்த வருஷ கான்ட்ராக்ட் இவர் கையில இருக்கு. முதல்ல எனக்குப் பண்ணிட்டீங்கன்னா அவனுங்களுக்கு உறுத்தாது."

லெம்பிக்கு அவன் மேல் கோபமில்லை, பரிதாபம்தான். அவனுக்காகவாவது செய்துவிடலாமா என்று ஒரு கணம் கை டிராயர் பக்கம் போனது. போன கை பூட்டில் இருந்த சாவியை உருவியது. எல்லோரும் பார்க்க, அவள் சாவியைத் தன் பனி பூட்ஸுக்குள் போட்டுக்கொண்டு அதன் மேல் அழுத்தி மிதித்து நின்றாள்.

"யாருக்காவது வேணும்னா வந்து கழட்டிப் பாருங்க."

ஆட்டக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். ஹாலிஸ்டருக்கு முகம் சிவந்தது. இந்தக் கடை இருக்கும் இடம் யாருடையது என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சீசன் முடிந்ததும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை இது என் கடை என்றாள் லெம்பி. இனி இவளோடு பேசிப் பயனில்லை என்று அவர் ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார். அவரவர் வீட்டுக்குப் போய் அவரவரே மழித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வரச் சொன்னார்.

ரெமி நாற்காலியிலிருந்து எழுந்தான். லெம்பியின் பூட்ஸைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

"எங்கிட்ட ரேசர் இல்ல சார்."

பின்னால் நின்ற கோல்கீப்பர் தன்னிடமும் இல்லை என்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன், தாடியே சரியாக முளைக்காத பொடியன், தன் ரேசர் தொலைந்துபோய் வெகுநாளாயிற்று என்றான். போட்டோக்காரர் சத்தமில்லாமல் கேமராவைப் பைக்குள் வைத்தார்.

அன்று மாலை அரங்கம் பிதுங்கி வழிந்தது. ஆண்கள் தாடியோடு வந்தார்கள். பெண்கள் கம்பளி நூலில் பின்னிய தாடியைக் காதில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். லெம்பியினுடையது சிவப்பு, இடுப்பு வரை தொங்கும். கோலுக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டித் தன் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். ஆளுக்கு ஒரு கோல் என்று நின்றது ஆட்டம். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் யாரோ ஓங்கி அடித்த வட்டு, வழுக்கி விழுந்து எழப் பார்த்த ரெமியின் புட்டத்தில் பட்டுத் திரும்பி எதிரணியின் வலைக்குள் போனது. ஊரே ஆடியது. வாழ்க்கையில் பார்த்த அத்தனை கோல்களிலும் இதுதான் அழகு என்று லெம்பி கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள்.

"அப்போ இன்னும் ரெண்டு நாளு நான் சொறியணுமா?" என்றான் ஆர்வோ. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

ஐந்தாவது ஆட்டம் எதிரணியின் ஊரில். அரங்கத்துப் பெரிய திரையில் ஊரே கூடிப் பார்த்தது. ஐந்துக்குப் பூஜ்யம். பாதியிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. கடைசியில் இரண்டு அணியும் வரிசையாக வந்து கைகுலுக்கிக்கொள்வார்கள் அல்லவா, அந்த வரிசையில் கடைசி ஸ்டர்ஜன் கடைசிக் கையைக் குலுக்கி முடிக்கும் வரை நின்றே பார்த்தார்கள்.

மறுநாள் காலை லெம்பி சாவியை எடுத்து டிராயரைத் திறந்தாள். வரிசை கடையிலிருந்து படிக்கட்டு ஏறித் தெருவரை நீண்டிருந்தது. பேருந்திலிருந்து இறங்கிய ஆட்டக்காரர்கள் நேராக அங்கேதான் வந்தார்கள். ரெமி உட்கார்ந்தான். நுரையைப் பூசி அவள் மெதுவாக மழித்தாள். தாடிக்கு அடியிலிருந்து பழைய தழும்புகள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் பாதி எந்த ஆட்டத்தில் வாங்கியது என்று அவளுக்குத் தெரியும்.

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தான் அவன்.

"வாயை மூடுடா. கத்தி பட்டுரும்" என்றாள்.

பதினோரு மணி வாக்கில் ஹாலிஸ்டர் வந்தார். அதையும் சொல்ல வேண்டும், அவர் வரிசையில் நின்றுதான் வந்தார். மதியம் விமானம் பிடித்துப் போய்ப் புது ஊரில் பல்லியைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. தன் முறை வந்ததும் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். லெம்பி பழக்கதோஷத்தில் துண்டைப் போர்த்திக் கழுத்தில் செருகியும்விட்டாள். நுரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டுத் துண்டை உருவினாள்.

ஹாலிஸ்டர் கண்ணைத் திறந்தார்.

"இது தோத்தவங்க உட்கார்ற நாற்காலி, மிஸ்டர் ஹாலிஸ்டர். நீங்க என்னத்தைத் தோத்தீங்க?"

யாராவது சிரிப்பார்களா என்று அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோட்டை மாட்டினார்.

வழவழவென்று மழித்த தாடையைத் தடவிக்கொண்டு வாசலில் நின்ற ஆர்வோ, தெரு முனை மருந்துக்கடையில் ரேசர் கிடைக்கும் என்று அவருக்கு வழி சொன்னான்.

"ஆனா இன்னிக்குக் கடை பூட்டியிருக்கும். கடைக்காரர் இங்கே வரிசையில நிக்கிறாரு."

லெம்பி துண்டை உதறி, நாற்காலியை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.