நாலு மணிக்குக் காட்டிய வீடு

வாடகை நாற்பது ரூபாய் என்றதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

தண்டையார்பேட்டையில் தனிச் சமையலறையோடு ஒரு போர்ஷன் அறுபத்தைந்துக்குக் குறைந்து கிடைக்காத காலம் அது. துறைமுகத்தில் சரக்கு எண்ணி எழுதும் குமாஸ்தா நான். மூன்று வாரமாக ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை தெருத்தெருவாக நடந்திருந்தேன்.

என் மனைவி பிலோமிக்கு ஆறாம் மாதம். காசிமேட்டில் அவள் அண்ணன் அம்புரோஸின் ஒற்றை அறையில், அவர் குடும்பத்து ஏழு பேரோடு நாங்கள் இருவரும் இருந்தோம். “ஞாயித்துக்கெயம வரிக்கும் பாரு மாப்ள. வூடு கெடைக்கலன்னா இவள பழவேற்காட்டுல அம்மாகிட்ட வுட்டுர்றேன்” என்று அம்புரோஸ் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் எங்கள் முதல் குழந்தை பழவேற்காட்டில்தான் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோகும்போதே போய்விட்டது. இந்தத் தடவை ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்றாள் பிலோமி. அதைத் தவிர அவள் எதுவும் கேட்கவில்லை.

நாற்பது ரூபாய் சொன்ன வீட்டுக்காரர் பக்தவச்சலம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். “காத்தால வராத. நாலு மணிக்கு மேல வா” என்று இரண்டு முறை சொன்னார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது ஆடி மாதம் வேறு. ஆடியில் யார் வீட்டை வாடகைக்கு விடுவார்கள்?

“நீங்கதான் வேதக்காரங்களாச்சே, உங்களுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா?” என்று, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைச் சொல்லிச் சிரித்தார். வாய் சிரித்தது. கண்கள் மட்டும் இழவு வீட்டுக்குப் போய் வந்தவை போலச் சிவந்திருந்தன.

வெள்ளிக்கிழமை நாலரைக்குப் போனேன். வரிசையாக நாலு போர்ஷன்; காலியாக இருந்தது கடைசி. சுவர் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்றிருந்தது. கடல் காற்று கிழக்கு வாசல் வழியாக வந்து சட்டையைப் படபடக்க வைத்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன், தண்ணீர் தெளிவு. தரையைத் தட்டிப் பார்த்தேன். நான் படித்த கதைகளில் மலிவான அறைகளில் எப்போதும் யாரோ செத்திருப்பார்கள். உத்தரத்தில் கயிற்றுத் தடம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

“இன்னா மேல பாக்குற? பல்லி கூட கெடையாது” என்றார் பக்தவச்சலம்.

உத்தரத்தில் ஒன்றுமில்லை. ஆனால் மேற்கு ஜன்னலுக்கு மேலே நாலு பெரிய ஆணிகள் அடித்திருந்தன.

“இது எதுக்கு?”

“முன்னாடி இருந்தவன் அடிச்சது. புடுங்கிடலாம்.”

வெளியே வந்து பார்த்தேன். மற்ற மூன்று வீடுகளிலும் மேற்கு ஜன்னலில் கோணிச்சாக்கு தொங்கியது. எதை மறைக்கிறார்கள்? பக்கத்துப் போர்ஷனில் மீன் விற்கும் கன்னியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்களும் சிவந்திருந்தன.

“முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கம்மா?”

அவள் வாயைத் திறந்தாள். எனக்குப் பின்னால் பக்தவச்சலம் தொண்டையைக் கனைத்தார். “அதெல்லாம் இன்னாத்துக்கு நைனா?” என்று கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முனையில் டீக்கடை பஷீர் பாயிடம் கேட்டேன். “அந்த வூடா?” என்று கிளாஸைக் கழுவியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல வூடுதான். தெகிரியமான ஆளுக்கு.” பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் பிலோமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, சாக்கு, சிவந்த கண்கள். “ஒரு தெருவே சேர்ந்து எதையோ மறைக்குது. அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கு” என்றேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எத்தினி மணிக்கு வூட்ட காமிச்சான்?”

“நாலரை.”

“கடல் காத்து ஏறினப்புறம்.” அவள் நிமிர்ந்தாள். “காத்தால மேற்காலேர்ந்து தரைக்காத்து அடிக்கும். ஆடில கேக்கவே வாணாம். மேற்கால இன்னா கீது?”

நான் யோசித்தேன். கிணறு பார்த்தேன், உத்தரம் பார்த்தேன், மனிதர்களின் கண்ணைப் பார்த்தேன். மேற்கே பார்க்கவில்லை. ஏதோ நீளமான தகரக் கூரை.

“கிடங்கு மாதிரி ஏதோ...”

“செத்தவன தேடிக்கினு இருந்தியா?” என்றாள். “படவுல ஏறுற ஆளு மொதல்ல காத்தப் பாப்பான்யா.”

மறுநாள் எனக்கு மதிய ஷிப்ட். காலை ஏழு மணிக்கு இருவரும் போனோம். தெருமுனையிலேயே எனக்குத் தும்மல் பிடித்தது. வீட்டு வாசலில் நின்றபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. தொண்டையில் நெருப்பு வைத்தது போல இருந்தது. தகரக் கூரை மிளகாய்க் கிடங்கு. அங்கே மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மேற்குக் காற்று அந்தக் காரத்தை அள்ளி நாலு போர்ஷன் மேலும் கொட்டியது. கோணிச்சாக்குகள் எல்லாம் ஈரமாகச் சொட்டின.

பக்தவச்சலம் ஈரத்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். “காத்தால வராதன்னு சொன்னேனே!”

பிலோமி அவரைப் பார்க்கவே இல்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கன்னியம்மாவின் வாசலுக்குப் போனாள். “யக்கா, இது எது வரிக்கும்?”

இந்தத் தடவை கன்னியம்மா பக்தவச்சலத்தின் கனைப்பை மதிக்கவில்லை. “ஆனில புடிச்சா பொரட்டாசி. தெனம் மதியத்தோட சரி. ஐப்பசில வாடக்காத்து வந்துட்சின்னா ஒரு நெடி கெடையாதும்மா. நா ஆறு வருசமா கீறேன்.”

பிலோமி விரல்களை மடக்கினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன கணக்குப்படி குழந்தை கல்லறைத் திருநாள் வாக்கில். அது ஐப்பசி பாதி. காற்று அதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

“முப்பத்தஞ்சு ரூபா. சாக்கு உன் செலவு” என்றாள் பக்தவச்சலத்திடம்.

அவர் உடனே தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. எங்களை மாறி மாறிப் பார்த்தார். “எல்லாத்தையும் பாத்துட்டும் வரேன்ற. புள்ளத்தாச்சி வேற. உங்களுக்கு எங்கியாச்சும் தகராறு கிகராறு...? போலீசு...?”

“அங்க ஒம்போது பேர்யா ஒரு ரூம்ல” என்றாள் பிலோமி.

அவர் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கைவண்டியில் சாமான் இறக்கும்போது வாசலிலேயே நின்று, என் புத்தகப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அதில் வெறும் புத்தகங்களே இருந்தது அவருடைய சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, கிடங்கு திறப்பதற்கு முன், நான் முதல் சாக்கை அந்த நாலு ஆணிகளில் மாட்டினேன். பிலோமி வாளியில் அடுத்ததை முக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒருவேளை புரட்டாசியிலேயே பிறந்துட்டா?” என்றேன்.

அவள் சாக்கை வெளியே எடுக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தாள்.

“கன்னியம்மா பொய் சொல்லியிருந்தா?” என்றேன் மறுபடியும்.

“காத்து பொய் சொல்லாது” என்றாள். பிறகு எழுந்து, சாக்கு கையில் சொட்டச் சொட்ட, கிழக்கு வாசலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கடல் பக்கமிருந்து இன்னும் காற்று வரவில்லை.