பச்சைத் தாழ்ப்பாள்

"கண்ணாடி போடாம யாரும் கிட்ட வராதீங்க!" என்று கேட்டுக்குப் பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தெருவிலேயே நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்துவிடுவார்கள். இவரோ பட்டறையிலிருந்து லேசர் மெஷினை இழுத்துவந்து, சுற்றிலும் கறுப்புத் திரை கட்டி, வாசல் கேட்டில் துரு எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"உள்ள என்னம்மா நடக்குது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டாள். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னவென்று சொல்வது?

ஊரிலுள்ள அத்தனை இரும்புக்கும் துரு எடுத்த மனுஷர், சொந்த வீட்டு கேட்டுக்கு மட்டும் 'நாளைக்கு' என்பார். கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவள் போன பிறகு அந்த நாளை வந்திருக்கிறது.

மகள் இன்னொரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குள் நுழைந்தாள். ஒளி பட்ட இடமெல்லாம் படபடவென்று பொரிந்து துரு புகையாகப் போனது.

"அப்பா, உங்களுக்கு இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதா?"

"தொட்டுப் பாரு, சூடே இருக்காது. நிறுத்தாம அடிச்சா இரும்பும் சேர்ந்து உருகிடும். அதான் விட்டு விட்டு அடிக்கிறது. ஒரு அடி, கண் சிமிட்டுற நேரத்துல லட்சத்துல ஒரு பங்குகூட இல்ல. சூடு உள்ள இறங்கறதுக்குள்ள துரு பறந்துடும்."

"இப்ப இதெல்லாம் யாருப்பா கேட்டா?"

"உங்கம்மா கேட்டா. கேட் வெந்துடாதான்னு."

"அவ இருக்கும்போதே செஞ்சிருக்கலாமே!"

அப்பா மெஷினை அணைத்தார்.

கேட் முழுக்கப் புது இரும்பாக இருந்தது. தாழ்ப்பாளில் மட்டும் திட்டுத்திட்டாகப் பச்சை பெயிண்ட். காத்திருந்து சலித்துப்போய், போன மாதம் துருவின் மேலேயே அம்மா பூசியது.

"அதை மட்டும் ஏன் விட்டீங்க? அதையும் எடுத்துத் தொலைங்க, வண்டி வந்துடும்."

"பெயிண்ட்டும் துரு மாதிரிதான். பட்டா பறந்துடும்" என்றார், கண்ணாடியைக் கழற்றாமலே.

குனிந்து பார்த்தாள். அம்மாவுக்கு எதிலும் பொறுமை கிடையாது. காய்வதற்குள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

தெருமுனையில் வண்டி திரும்பியது. அப்பா திரையைச் சுருட்டினார். அவள் கேட்டைத் திறந்து பிடித்தாள். வண்டியிலிருந்து இறங்கியவர், கேட்டை இன்னும் அகலமாகத் தள்ளத் தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்கண்ணா" என்றாள். "பெயிண்ட் இன்னும் காயல."