அம்மா மண்டபத்துக்கு ஒரு ரயில்

ஆடிப் பதினெட்டு அன்று காட்டூரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. கலந்த சாதத்தைக் கட்டிக்கொண்டு ஊரே காவிரிக்குப் போயிருந்தது. ரத்தினவேல் வீட்டில் பண்டிகை இல்லை. மனைவி மகாலட்சுமி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து, அவளுடைய லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் விளையாட்டில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஐம்பதைத் தாண்டிய மனிதர், பொக்லைன் வைத்து மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பிப் பிழைப்பவர், பொம்மை ஊருக்கு ரயில் விடுகிறார் என்றால் யாரும் சிரிப்பார்கள். போன வருஷம் அவரே சிரித்தார். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு வீட்டோடு கிடந்த மகாலட்சுமிக்குப் பொழுது போகட்டும் என்று மகள் யாழினிதான் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஊர் கட்டுகிற விளையாட்டு. வீடு, ரோடு, தண்ணீர்க் குழாய் எல்லாம் நாமே வைக்க வேண்டும். வைத்தால் மனிதர்கள் தாமாகக் குடிவந்து, வேலைக்குப் போய், சாயங்காலம் வீடு திரும்புவார்கள். மகாலட்சுமி வேறு எந்த ஊரைக் கட்டுவாள்? ஒரு மலை, இரண்டு ஆறு, நடுவில் தீவு. அவள் பிறந்தது ஸ்ரீரங்கம். கல்யாணமாகி வந்த பிறகும் ஓர் ஆடிப் பதினெட்டுகூட அம்மா மண்டபத்துப் படித்துறையைத் தவறவிட்டதில்லை. போன வருஷம், கூட்டத்தில் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. விளையாட்டில் தீவையும் மலையையும் சேர்த்து ஒரு குட்டி ரயில் போட ஆரம்பித்தாள்.

ரயில் சுலபத்தில் மசியவில்லை. தீவிலிருந்து ஆற்றைத் தாண்டுவதுவரை சரி. மலைச்சரிவு மேடும் பள்ளமுமாக இருந்ததால் அங்கே தூண் வைக்கப் போனால் பாதை சிவப்பாகிவிடும். முடியாது என்று அர்த்தம்.

“மேட்டைச் செதுக்கிப் பள்ளத்துல தள்ளு மகா. அரை மணி நேர வேலை” என்றார் அவர், பின்னால் நின்றுகொண்டு.

“உங்க பொக்லைன் புத்திய இங்க காட்டாதீங்க. மண்ணுல கை வைக்கவே கூடாது. ஆத்தங்கரையிலேருந்தே தூணக் கொஞ்சங்கொஞ்சமா ஒசத்திக்கிட்டே வரணும். பொறுமையாப் பண்ணா வரும்ங்க.”

பொறுமை அவளிடம் நிறைய இருந்தது. நாள்தான் இல்லை. சரிவுக்கு முன்னால் பாலம் அந்தரத்தில் நிற்க, புரட்டாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

இன்றைக்கு எப்படியாவது அதை முடித்துவிட வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்துவிட்டது. அவள் அம்மா மண்டபம் போக வேண்டிய நாள் அல்லவா. அவள் சொன்னபடி தூணை உயர்த்திப் பார்த்தார். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. கடைசியில் கை பழகிய வேலைக்கே போனது. சரிவை மொத்தமாகச் சமப்படுத்தினார். அங்கிருந்த நாலைந்து வீடுகள் புழுதி கிளப்பிச் சரிந்தன. ரோடு போடும்போது வீடு போவது ஊரில் நடக்காததா என்று விட்டுவிட்டார். பாதை பச்சையானது. முதல் ரயில் மணியடித்துக்கொண்டு தீவுக்குப் போனது.

துவாக்குடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் யாழினி, அப்பா இன்று தனியாக இருக்கக் கூடாதென்று பஸ் பிடித்து அப்போதுதான் வந்து சேர்ந்தாள்.

“பாலத்த முடிச்சுட்டேன்மா! பாரு, ரயில் அம்மா மண்டபத்துக்கே போகுது.”

பையை இறக்காமலே அவள் திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

“சரிவுல ஒரு ஓட்டு வீடு இருந்துச்சே, எங்கப்பா?”

“அதுவா... எடுத்துட்டேன். ஏம்மா?”

“அதுலதாம்ப்பா அம்மா இருந்தாங்க. அந்த வீட்டுல குடியிருந்த பொம்பளைக்குத் தன் பேர வச்சிருந்தாங்க.”

இத்தனை மாதமும் அந்த ஊருக்குள் அவள் இருந்திருக்கிறாள், அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் தன் கையாலேயே மண்ணோடு தள்ளிவிட்டிருக்கிறார். “ஐயோ மகா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“அழாதீங்கப்பா. அம்மா கடைசியா சேவ் பண்ணது தனியா அப்படியே இருக்கு. ஆனா அதத் திறந்தா நீங்க கட்டுன பாலம் இருக்காது.”

“பாலம் கெடக்குது. தெற.”

யாழினி திறந்தாள். சரிவு பழையபடி மேடும் பள்ளமுமாக வந்தது. பாலம் மறுபடி அந்தரத்தில் நின்றது. ஊர் முழுக்க அசையாமல் இருந்தது, அவள் கடைசியாக நிறுத்தி வைத்தபடியே. ஓட்டு வீட்டின் மேல் அழுத்தியதும் குடியிருப்பவர்களின் பெயர்கள் வந்தன. மகாலட்சுமி, வீட்டில் இருக்கிறாள். அதற்குக் கீழே இன்னொரு வரி. ரத்தினவேல், வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னையும் கூட வைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

“ஓட விட்டா நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்கப்பா” என்றாள் யாழினி.

“ஓட விட்டா அம்மாவுக்கு வயசாகுமாம்மா?”

“ஆகும்ப்பா. இதுல எல்லாருக்கும் ஆகும்.”

“அப்புறம்?”

யாழினி தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். அவர் விரல் ஊரை ஓட விடும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. திரையில், சரிவு ரோட்டின் பாதியில், கையில் பையோடு ஒரு குட்டி மனிதன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான். மேலே ஓட்டு வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது.