ஒரே கிளிப்பில் இரண்டு சட்டைகள்

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. யாரும் கிடைக்காததால், ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் தன் கையையே நீட்டினாள். குழாயில் பெயர் எழுதவில்லை. ‘நார்மல்’ என்று மட்டும் எழுதினாள்.

திடீரென்று இதயம் நின்றுபோகிற குடும்பங்களின் மரபணுக்களை ஆராயும் இடம் அது. திரையில் மரபணுவின் எழுத்துகள் நான்கு நிறங்களில் மலைகளாக நகர்ந்துகொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால், ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுபோல் கண் சொருகும்.

அசையாமல் நின்று பார்ப்பதால் கொக்கு என்று பெயர் வாங்கிய சீனியர் அவளைக் கூப்பிட்டார்.

“உங்க நார்மல் ஆள் அவ்வளவு நார்மல் இல்லம்மா. நோயாளிங்ககிட்ட இருக்கற அதே மாற்றம். யாரு அது?”

ஒரு மலை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மலைகள். கொடியில் ஒரே கிளிப்பில் இரண்டு சட்டைகளை மாட்டியதுபோல.

அம்மா துணி காயப்போடும்போதுதான் விழுந்து இறந்தாள். வெயில் தாங்கவில்லை என்றார்கள். ஈரச் சட்டை கையிலேயே இருந்தது.

“கேட்டுச் சொல்றேன் சார்.”

வீடுவரை மலைகள் கூடவே வந்தன, அவசரமில்லாமல். சொல்லாத வரைக்கும் அவள் நார்மல்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

“சொந்தத் தங்கச்சியவே பிடிக்க முடியலன்னா வேற யாரைப் பிடிப்பேன்னு மேனேஜர் கேக்கறார். மடியில கனமில்ல, பாரத்துல நோய்க் கேள்வி எல்லாத்துக்கும் ‘இல்லை’ போட்டுட்டேன். கையெழுத்துப் போடுடி, மகராசி.”

“மரபணு சோதனை செஞ்சதுண்டான்னு கேட்டிருக்கே.”

“அதெல்லாம் யாருடி செய்யப்போறா?”

“நான் செஞ்சுட்டேன்.”

சிரிக்க ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்தினாள். தங்கை குழாயைப் பற்றியும் அதில் தெரிந்ததைப் பற்றியும் சொன்னாள்.

“உண்மைய எழுதினா என்னக்கா ஆகும்?”

“பாலிசி தரமாட்டாங்க.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “குழாயில பேரே இல்லையேடி. நீ வாயத் திறக்கலன்னா யாருக்குத் தெரியும்?”

யாருக்கும் தெரியாதுதான். ஜன்னலுக்கு வெளியே யாருடைய துணியோ காற்றில் ஏறி இறங்கியது. நீலம், பச்சை, சிவப்பு.

“அம்மாகிட்ட இருந்து வந்திருந்தா, உனக்கும் இருக்கலாம்கா. பாதிக்குப் பாதி. உன் பிள்ளைங்களுக்கும். தெரிஞ்சா மாத்திரை இருக்கு. மறைச்சா நீ எப்படிப் போய்ச் சோதனை கேப்ப?”

அக்கா நெடுநேரம் அந்தக் கொடியையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடி, தாளை இரண்டாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

“ஊசி ரொம்ப வலிக்குமாடி?”